அரைத்த மாவும் பொட்டல மாவும்

தமிழகத்தை விட்டு வெளியே குடியேறிய குடும்பங்கள் எதை மறந்தாலும் தோசையை மறப்பதில்லை. தில்லியாயினும் கொல்கத்தாவாயினும் மும்பையாயினும், விடுமுறை நாட் காலையில் தோசைக்கல் அடுப்பேறாத தமிழர் இல்லம் அரிது. ஆயினும், அக்கல்லில் வார்க்கும் மாவு எவ்வாறு வந்தது என்று கேட்டால் விடை வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரு வீட்டில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவு. அடுத்த வீட்டில் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக் கரைத்த மாவு. இவற்றுள் எது தக்கது என்னும் வழக்கு, ஊரிலிருந்து மாமியாரோ அத்தையோ வந்து தங்கும் நாட்களில் சற்றுச் சூடாகவே எழுவதுண்டு. அவ்வழக்கை நடுநிலையில் நின்று ஆராய்வோம்.

பொட்டல மாவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. மேல்நாட்டார் காலையில் உண்ணும் பான்கேக் என்ற அடைக்குரிய ஆயத்த மாவு, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த செயின்ட் ஜோசப் நகரில் 1889-ஆம் ஆண்டிலேயே உருவாயிற்று. நம் நாட்டில் கிட்ஸ் நிறுவனம் 1963-இல் தொடங்கப்பெற்றது. பெங்களூரில் 1924-இல் சிற்றுண்டிச் சாலையாகத் தோன்றிய எம்.டி.ஆர்., 1975-இல் பிறந்த நெருக்கடி நிலைக் காலத்தில் சிற்றுண்டி விலைகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, பொட்டல மாவு வகைகளில் கருத்தைச் செலுத்தியது. பிற்காலத்தில், 2005-இல் பெங்களூரில் தொடங்கிய ஐடி நிறுவனம் அரைத்த ஈரமாவையே பையில் அடைத்து விற்கலாயிற்று. தேவை இருந்தமையால் பண்டம் வந்தது. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை.

உடனடித் தோசை மாவுப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தால், அரிசி மாவு, உளுத்தம் மாவு, உப்பு ஆகியவற்றோடு பெரும்பாலும் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் இடம்பெற்றிருக்கக் காணலாம். 500(ii), 330 என்ற எண்களாகவும் அவை குறிக்கப்பெறும். தண்ணீர் பட்டவுடன் சோடாவும் அமிலமும் கூடிக் கரியமில வாயுவை எழுப்புகின்றன. மாவு கால் மணி நேரத்தில் பொங்கித் தோசைக்கு ஆயத்தமாகிறது.

அரைத்த மாவும் அதே கரியமில வாயுவினாலேயே பொங்குகிறது. ஆனால், அவ்வாயுவை அங்கே எழுப்புபவை உயிர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் குழு 1965-இல் வெளியிட்ட ஆய்வு, இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் தலைமை வகிப்பது லியூகனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிர் என்று காட்டிற்று. இத்தகைய நுண்ணுயிர்கள் அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே உறைகின்றன. புறத்தேயிருந்து உறை எதுவும் ஊற்ற வேண்டுவதில்லை. அவை வாயுவோடு அமிலத்தையும் மெல்ல மெல்ல உண்டாக்குகின்றன. புளித்த மாவின் மணமும் சுவையும் இரவு முழுவதும் நிகழும் அவ்வேலையின் பயன். சோடா வாயுவைத் தரும். அந்த மணத்தைத் தராது. ஆகவே, பொட்டலத் தோசையைப் புளித்த தோசையின் போலி என்று இகழ்வதைக் காட்டிலும், வேறொரு பண்டம் என்று கொள்வதே பொருந்தும். அதனைப் புளித்த கெட்டித் தயிரில் கரைத்து, இருபது நிமிடம் வைத்திருந்து வார்த்தால் சுவை கூடும்.

அரைப்பதைப் பலர் கைவிடுவதற்குச் சோம்பல் காரணமன்று; வடபுலத்துக் குளிரே முதற்காரணம். தில்லியில் தை மாதத்து இரவில் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடும். மாவு பொங்குவதற்கோ 25 முதல் 30 டிகிரி வரை வேண்டும். சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, தில்லிக் குளிரில் ஒரு முழு நாள் கழிந்தும் அசையாமல் கிடக்கக் கூடும். இதனைக் கைராசி இன்மை என்று கருதி மனம் தளர வேண்டா. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துக் கையால் நன்கு கலக்குக. விளக்கை மட்டும் ஏற்றிய மின்னடுப்புப் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து மூடுக. அஃது இல்லாதோர் கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகே வைக்கலாம். வேனிலில் இதற்கு நேர்மாறாகக் குளிர்ந்த நீரால் அரைத்து, ஐந்தாறு மணி நேரத்திலேயே எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது தடை, இட்லி அரிசி எங்கும் கிடைப்பதில்லை என்பது. ஆனால், புழுங்கலரிசி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கொல்கத்தாவில் அதனைச் ‘சித்தோ சால்’ என்பர். மும்பைக் கடைகளில் ‘உக்டா’ என்று கேட்டுப் பெறலாம். தில்லியில் ‘சேலா’ என்பர். ஒவ்வோர் ஊர் அரிசிக்கும் நீரளவு சற்று மாறும்; இரண்டு மூன்று முறை அரைத்தால் கணக்குப் பிடிபடும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தோல் நீக்கிய முழு உளுந்தும், ஒரு சிறு கரண்டி வெந்தயமும் போதும். உளுந்து புதியதாக இருத்தல் இன்றியமையாதது; நெடுநாள் கடையில் கிடந்த உளுந்து குமிழ் விட்டுப் பொங்காது.

இனி, உழைப்பைப் பற்றி ஒரு சொல். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து அரைத்த தலைமுறையின் தோள்வலியை நாம் மறத்தல் தகாது. கோவையில் 1955-இல் சபாபதி என்பார் உருவாக்கிய மின் அரைவை இயந்திரம் அவ்வலியைப் பெரிதும் நீக்கியது. ஆயினும், ஊறவைத்தல், கழுவுதல், அரைத்தல், இயந்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தல் ஆகிய யாவும் பல வீடுகளில் ஒரு பெண்ணின் தலையிலேயே விழுகின்றன. அலுவலகம் சென்று, நெரிசல் வண்டியில் திரும்பும் மருமகளிடம், “பொட்டலமா வாங்கினாய்?” என்று வினவுமுன், அரைவையில் தாம் ஏற்கும் பங்கு என்ன என்று வீட்டு ஆடவர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நியாயம். அரிசி கழுவவும் கல்லைத் துடைக்கவும் ஆணுக்குத் தடையேதும் இல்லை.

அவ்வாறாயின் பொட்டலமே போதுமே என்பார்க்கு ஒன்று கூறுவோம். பொட்டலம் பசியை ஆற்றும், கைப்பக்குவத்தைக் கைமாற்றாது. உளுந்து அரைபட்டுப் பந்துபோல் எழும் பதத்தை எந்தக் குறிப்பும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஒரு துளியை நீரில் இட்டு, அது மிதப்பதைக் கண்ணாலும் விரலாலும் கண்டு அறிய வேண்டும். ஊரில் இவ்வறிவு பாட்டியிடமிருந்தும் பெரியம்மாவிடமிருந்தும், கேளாமலே பிள்ளைகளுக்கு வந்து சேரும். அயலூரில் இரண்டு அறைகளில் வாழும் குடும்பத்தில் அதைக் கற்பிக்கத் தாயும் தந்தையும் தவிர வேறொருவர் இல்லை. அவர்கள் நிறுத்தினால் அத்தொடர் அங்கேயே அறுந்துபோகும். வீட்டில் தமிழ் பேசுவது நின்றால் நேர்வது போன்றதே இதுவும்.

ஆதலின், எங்கள் கருத்து இது. வேலை நாட்களில் பொட்டலத்தையோ கடை ஈரமாவையோ நாணமின்றிப் பயன்படுத்துக. அரைத்தும் புளிக்கக் காத்திராமல் வார்க்கத்தக்க அடை நமக்கு உண்டு. கோதுமைத் தோசையும் ரவைத் தோசையும் உண்டு. அண்டை வீட்டார் வார்க்கும் கடலைமாவுச் சீலாவையும், ஒடியரின் சகுலி பிட்டாவையும் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். பின்னது அரிசியும் உளுந்தும் சேர்ந்த, தோசையின் நெருங்கிய உறவே. ஆனால், வாரத்தில் ஒரு நாளேனும், இயலாதோர் மாதத்தில் ஒரு நாளேனும், பிள்ளைகளை அருகில் நிறுத்தி மாவு அரையுங்கள். உளுந்து பதத்தை அவர்கள் விரலாலேயே தொட்டறியச் செய்யுங்கள். மறுநாட் காலை மூடியைத் திறந்து, மாவு பாத்திரத்தின் விளிம்பு வரை எழுந்திருப்பதை முதலில் காணும் உரிமையும் அவர்களுக்கே இருக்கட்டும்.