அம்மாவின் டிரங்குப் பெட்டி

“பழசைத் தைச்சா யாரும்மா உடுத்துவாங்க?” என்று என் பெரியவள் சிரித்தாள். அவளுக்கு அப்போது ஏழாவது மாசம். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் மரக்காணம். என் அம்மா உப்பளத்தில் உப்பு சுமந்தே எங்களை ஆளாக்கியவள். புடவைக்கு மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் பழந்துணிச் சும்மாடு. வெயிலும் உப்பும் அவள் உடம்பைத் தின்னாமல் காத்தது அந்தப் பழந்துணிதான். அவள் காலமான பிறகு பெட்டியைத் திறந்தேன். ஆறு நூல் புடவை, இரண்டு சட்டை. “யாருக்காவது கொடுத்துடு” என்றார்கள். மனசு வரவில்லை.

அவசரப்பட்டு ஒரு புடவையை ரவிக்கைக்கு வெட்டிவிட்டேன். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேனோ இல்லையோ, முதுகில் ‘டர்’ரென்று கிழிந்தது. அன்றைக்கு அழுதே விட்டேன். எங்கள் தெருவில் தையல் சொல்லித் தரும் அக்காதான், “நைந்த இடத்தையா வெட்டுவே?” என்று கடிந்துகொண்டு வழி சொன்னார்.

வெட்டுவதற்கு முன்

நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். உப்புக் காற்றுப் பட்ட துணி காய்ந்த மாதிரி இருந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடமும் கால் உரசும் கீழ்க்கரையும்தான் முதலில் நையும். முந்தானையும் உள்ளே செருகும் முனையும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் இறுக்கமான உடுப்புக்கு ஆகாது.

எதற்கு எது?

கெட்டியான முந்தானையில் சின்னப் பெண்ணுக்குப் பாவாடை தைக்கலாம். கரையை அடியில் வைத்தால் புதுசு மாதிரியே இருக்கும். சட்டையின் முதுகுத் துணியில் குழந்தைக்கு ஜப்லா தைக்கலாம். பொத்தான் வேண்டாம், நாடாவே போதும். பிய்ந்த பொத்தானைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். நைந்த பாகத்தை மூன்று நான்கு மடிப்பாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் குழந்தைக்கு விரிப்பு. வங்காளத்தில் பழைய புடவைகளை இப்படி அடுக்கித் தைப்பதைத்தான் ‘காந்தா’ என்கிறார்கள். இன்று அது கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது.

ஒரு எச்சரிக்கை. நைலக்ஸ், பாலியஸ்டர் துணியைக் குழந்தைக்குத் தைக்காதீர்கள். வியர்வையை உறிஞ்சாது. அடுப்படியில் கைப்பிடித் துணியாகவும் வைக்காதீர்கள். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

துண்டுத் துணியும் வீணில்லை

2004 டிசம்பர் 26-ல் சுனாமி எங்கள் கரையைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியுமா? அதன் பிறகு, எங்களுக்குத் தெற்கே ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் ‘உபாசனா’ நிறுவனத்தார், சுற்றுப்புற மீனவப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பெயர் ‘சுனாமிகா’. விலை போட்டு விற்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள், நன்கொடை வந்தது. கடலைப் பார்க்கவே பயந்திருந்த பெண்களுக்குக் கைவேலையும் ஆயிற்று, மனசுக்குத் தெம்பும் ஆயிற்று. விரல் நீளத் துணிக்கே அவ்வளவு மதிப்பென்றால், ஒரு முழுப் புடவையைத் தூக்கிப் போடலாமா?

போன மாசம் பேரன் பிறந்தான். மிஞ்சிய ஐந்து புடவையில் ஒன்று தூளி, இரண்டு விரிப்பு, ஒன்று சின்னவளுக்குப் பாவாடை. கடைசி ஒன்றைப் பெரியவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். “ஆயா வாசனை அடிக்குதும்மா” என்றாள். நான்தான் மூன்று தடவை அலசியிருந்தேனே! ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்களேன். கத்தரியை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்!