மலையில் கைக்குழந்தையை யார் பார்ப்பா?

நீங்க வேலை பார்க்கிற ஆபீஸில் 50 பேர் இருந்தா, சட்டப்படி குழந்தைக் காப்பகம் இருக்கணும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் சாமைக் கொல்லைக்குப் போற அம்மாவுக்கு அந்தச் சட்டம் எட்டாது. அங்கே அரசு நடத்துற இடம்னா அங்கன்வாடிதான். மலைப்பகுதியில் 150 பேர் இருந்தாலே குறு அங்கன்வாடி வைக்கலாம்னு விதி. நல்ல விதிதான். ஆனா 2 வயசு நிறைஞ்ச பிள்ளையைத்தான் உட்கார வைப்பாங்க. அதுக்குக் கீழேன்னா சத்துமாவு வீட்டுக்கு வரும். பிள்ளையைப் பார்க்க ஆள் வராது. பாட்டி இல்லாத வீட்டில் பல நேரம் அக்காதான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடணும். இதுதான் என்னை உறுத்துது. மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடவே காப்பகம் நடத்தலாம், 6 மாசக் குழந்தையிலிருந்து. அதனால பெற்றோர் அங்கன்வாடிப் பணியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது: 'இங்க காப்பகம் உண்டா, எத்தனை மணி வரைக்கும்?'