காட்டுப் பயணங்களின் பொருளியல் மதிப்பு

காட்டுப் பயணங்களின் பொருளியல் மதிப்பு என்பது, மலை, காடு, அருவி போன்ற இடங்களுக்குச் சென்றுவருவதால் மக்கள் பெறும் பயனைப் பணத்தில் கணக்கிட்டுச் சொல்வதாகும். இவ்விடங்களில் நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. பல இடங்களில் கட்டணமே இல்லை. ஆகவே வசூலான தொகையை மதிப்பாகக் கொள்ள இயலாது. சாலை, தேயிலைத் தோட்டம் ஆகியவற்றின் வரவை எளிதில் ரூபாயில் எழுதிவிடலாம். காட்டுக்கு எதுவும் எழுதாவிட்டால், திட்டக் கோப்பில் அது பூச்சியமாகவே நின்றுவிடும்.

பயணச் செலவு முறை

1947-இல் அமெரிக்க தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில், பொருளியலாளர் ஹரோல்டு ஹோட்டெலிங் இதற்கு ஒரு வழி கூறினார். நுழைவுச்சீட்டு எல்லோருக்கும் ஒரே விலை. வந்துசேரும் செலவோ ஊருக்கு ஊர் மாறும். அச்செலவையே விலையாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. மரியன் கிளாசன் இதைப் பின்னர் விரிவுபடுத்தினார்.

தேனி மாவட்டத்தின் சுருளி அருவியை எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்கு மட்டும்). போய்வரப் பண்ணைப்புரத்துக்காரருக்கு 150 ரூபாயும், மதுரைக்காரருக்கு 600 ரூபாயும் ஆகிறது. ஆண்டில் ஆயிரத்துக்கு 200 பேர் பண்ணைப்புரத்திலிருந்தும், 40 பேர் மதுரையிலிருந்தும் வருகின்றனர். பண்ணைப்புரத்தாருக்கும் 600 ரூபாய் ஆகியிருந்தால், அவர்களிலும் 40 பேரே வந்திருப்பர் எனக் கருதலாம். அந்த 40 பேருக்கு இப்போது தலைக்கு 450 ரூபாயாவது மிச்சம். இந்த மிச்சமே நுகர்வோர் உபரி. மற்ற 160 பேருக்கும் ஓரளவு மிச்சம் உண்டு. எல்லா ஊர்களுக்கும் இவ்வாறு கணக்கிட்டுக் கூட்டினால் அருவியின் பயண மதிப்பு கிடைக்கும்.

நிறையச் செலவழித்து வரும் வெளியூர்க்காரரால்தான் மதிப்பு கூடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, செலவு வேறு, உபரி வேறு. கட்டணத்தை உயர்த்தினாலோ வழியை அடைத்தாலோ, இழப்பு முதலில் பக்கத்து ஊராருக்கே.

சிக்கல்கள்

ஆடி அமாவாசையன்று சுருளியில் திதி கொடுத்து நீராடுபவரின் பேருந்துச் செலவு எந்தக் கணக்கில் சேரும்? தேக்கடி, மூணாறு, சுருளி மூன்றையும் ஒரே பயணத்தில் பார்ப்பவரின் செலவை எப்படிப் பிரிப்பது? இவற்றுக்கு ஒரே விடை இல்லை.

ஆட்கள் அரிதாகச் செல்லும் மேகமலையின் உட்காடுகளில் இம்முறை மிகச் சிறிய தொகையையே காட்டும். ஒருபோதும் போகாதவரும் அக்காடு இருக்கட்டும் என்று விரும்பக்கூடும். இந்த 'இருப்பு மதிப்பை' 1967-இல் ஜான் குருட்டில்லா எடுத்துரைத்தார். இதை அளக்க, 'இக்காட்டைக் காக்க எவ்வளவு தருவீர்கள்?' என்று மக்களிடமே கேட்கின்றனர். பையிலிருந்து காசு வெளியே வராத விடை என்பதால் இதை ஐயத்துடன் பார்ப்போரும் உண்டு.

செலவுப் பக்கத்தையும் எழுதவேண்டும். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வழிகாட்டி, தீக்கண்காணிப்பு, மீட்புப் பணி இல்லாத மலையேற்றத்தின் மதிப்பை வரவாக மட்டும் காட்டுவது பொய்க்கணக்கு.

பெரியாறு

போபாலிலுள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் ஆறு புலிகள் காப்பகங்களை ஆராய்ந்து 2015-இல் அறிக்கை வெளியிட்டது. அதன்படி பெரியாறு காப்பகத்தின் ஆண்டுப் பயன் சுமார் 1,760 கோடி ரூபாய். அதில் சுற்றுலாவின் பங்கு 50 கோடியைக்கூட எட்டவில்லை; தமிழக மாவட்டங்களுக்குக் கிடைக்கும் தண்ணீரின் மதிப்போ சுமார் 405 கோடி. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான்.