பதியாத சிகிச்சை கணக்கில் வராது

‘பொழுதுபோக்கு’ என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? வார இறுதியில் பார்க்கும் படம், நண்பர்களோடு ஆடும் பூப்பந்து, கைப்பேசியில் கழியும் ஒரு மணி நேரம். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘சிகிச்சை’ என்று எழுதினால் பலருக்குச் சிரிப்பு வரும். “விளையாடுவதற்கும் மருத்துவமனையில் சம்பளமா?” என்று கேட்பவர்களும் உண்டு.

அமெரிக்காவில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்கள் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகின்றனர். அவர்கள் அதற்குப் பதில் சொல்லும் வழிகளில் ஒன்று சுவையானது. அந்த வழி 5 இலக்கங்கள் கொண்ட கட்டணக் குறியீடுகளின் வழியாகச் செல்கிறது.

விளையாட்டும் ஒரு மருந்து

பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த ஒருவருக்குச் செடி நடக் கற்றுக்கொடுப்பது, மனச்சோர்வில் அறைக்குள்ளேயே முடங்கிய இளையரைக் குழு ஆட்டத்திற்குக் கொண்டு வருவது, முதுகுத்தண்டு அடிபட்டவரைச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்குப் பழக்குவது ஆகியவை இத்துறையின் அன்றாடப் பணிகள். நோயாளிக்குப் பிடித்த செயலைக் கருவியாக்கி, உடலையும் மனத்தையும் மீண்டும் இயங்க வைப்பதே நோக்கம்.

இதற்கென அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு ஒரு தேசியச் சான்றளிப்பு மன்றம் தொடங்கப்பட்டது. இத்துறையில் பட்டம் படித்து அதன் சான்றிதழைப் பெற விரும்புபவர் குறைந்தது 14 வாரம், 560 மணி நேரம் களப்பயிற்சி செய்து, தேர்விலும் தேற வேண்டும். 1984இல் சிகிச்சையாளர்களுக்கான தேசியச் சங்கமும் உருவானது. ஆக, படிப்பு, பயிற்சி, தேர்வு மூன்றும் உள்ள தொழில் இது.

பிறகு ஏன் கண்ணில் படுவதில்லை?

காரணம் கணக்கில் இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உடற்குறையுள்ள சிலருக்குமான அமெரிக்க அரசின் காப்புறுதித் திட்டம் ‘மெடிகேர்’. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு, நோயின் வகையைப் பொறுத்து ஒரு நிலையான தொகையைக் கொடுக்கும் முறையை அது 1983இல் கொண்டுவந்தது. படுக்கை, தாதியர் பணி, பல சிகிச்சைகள் எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் ஊர்க் கடையில் கலவைச் சோறு வாங்குவதை நினைத்துப் பாருங்கள். தட்டுக்கு ஒரே விலை என்றால், அதில் கீரைக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஒருநாள் கடைக்காரர் செலவைக் குறைக்க நினைத்தால், முதலில் காணாமல் போவது அந்தக் கீரையாகத்தான் இருக்கும். தனி வரியில் எழுதப்படாத சிகிச்சைக்கும் இதே ஆபத்து உண்டு. செலவு மட்டும் நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியும், பயன் தெரியாது.

எண்கள் பேசும் மொழி

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்ட ‘சிபிடி’ குறியீட்டுத் தொகுப்பு, மருத்துவச் சேவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறது. மருத்துவமனையும் காப்புறுதி நிறுவனமும் பேசிக்கொள்ளும் பொதுமொழி அதுவே.

சில எடுத்துக்காட்டுகள்: 97530 என்பது ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், அன்றாட இயக்கத்தை மேம்படுத்தும் செயல்கள் மூலம் தரப்படும் சிகிச்சை; 15 நிமிடம் ஓர் அலகு. 97150 என்பது இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கான குழுச் சிகிச்சை. 97537 சமூக வாழ்வுக்குத் திரும்பும் பயிற்சிக்கானது. கடைக்குப் போவது, பேருந்தில் ஏறுவது, பணத்தைக் கையாள்வது ஆகியவற்றோடு ஓய்வுநேரச் செயல்களும் அதன் விளக்கத்திலேயே இடம்பெற்றுள்ளன.

அரசின் இன்னொரு தொகுப்பில் ஜி0176 என்ற குறியீடு உள்ளது. கடுமையான மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இசை, நடனம், ஓவியம், விளையாட்டு வழியாக 45 நிமிடத்திற்குக் குறையாமல் தரப்படும் சிகிச்சை அது. ‘வெறும் பொழுதுபோக்குக்காகச் செய்யப்படுவது இதில் சேராது’ என்ற பொருளில் ஒரு நிபந்தனையும் அதில் உண்டு. சிகிச்சையாளர் தம் பணிக்கும் பொழுதைப் போக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் எழுத்தில் காட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

இரண்டு குறிப்புகள்

‘நோயாளி தோட்ட வேலையில் கலந்துகொண்டார். மகிழ்ச்சியாக இருந்தார்.’ இது ஒரு குறிப்பு.

‘இலக்கு: வலக்கையால் பொருளைப் பிடித்து விடுவித்தல். 30 நிமிடம், தனிப் பயிற்சி. 8 தொட்டிகளில் 5இல் உதவியின்றி மண் நிரப்பினார். சென்ற வாரம் 2. நின்றபடி 10 நிமிடம் சமநிலை காத்தார். அடுத்த கட்டம்: வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற கருவிகளைப் பழக்குதல்.’ இது மற்றொரு குறிப்பு.

இரண்டும் ஒரே அரை மணி நேரத்தைப் பற்றியவை. முதலாவதைப் படிக்கும் கணக்காய்வாளர், பணியாளர் ஒருவர் நோயாளியோடு பொழுதைக் கழித்தார் என்று நினைப்பார். இரண்டாவதில் இலக்கு, நேரம், அளவு, முன்னேற்றம், அடுத்த படி அனைத்தும் உள்ளன. குறியீடு நிற்பதற்கு இப்படிப்பட்ட அடித்தளம் தேவை. மெடிகேர் விதிப்படி, 15 நிமிட அலகு ஒன்றைக் கணக்கிடக் குறைந்தது 8 நிமிடச் சிகிச்சை வேண்டும். 23 நிமிடம் ஆனால்தான் இரண்டாவது அலகு. ஆகவே நிமிடக் கணக்கும் துல்லியமாக இருக்க வேண்டும்.

குறியீடு எழுதிவிட்டால் பணம் வந்துவிடுமா? வராது. யார் தரும் சேவைக்குப் பணம் தருவது என்பதைக் காப்புறுதித் தரப்பே முடிவு செய்கிறது. வெளிநோயாளிப் பிரிவில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் தம் பெயரில் நேரடியாகக் கட்டணம் கேட்க மெடிகேர் இடம் தருவதில்லை. ஆயினும், பணம் வராத இடத்திலும் மருத்துவமனைக்குள் பதிவு செய்வதில் பயன் உண்டு. ஓராண்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை மணி நேரம், என்ன முன்னேற்றம் என்று கேட்டால் கையில் பதில் இருக்கும். வேலையிடங்களைக் குறைப்பது பற்றிய கூட்டத்தில் அந்தப் பதில்தான் பேசும்.

எல்லை தாண்டினால்

இதில் ஒரு சறுக்குப் பாதையும் உண்டு. 6 பேருக்கு ஒன்றாக நடத்திய பயிற்சியை, ஒவ்வொருவருக்கும் தனியே நடத்தியதுபோல் தெரிந்தே எழுதி அரசிடம் பணம் கேட்டால் அது மோசடி. 1863இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில் இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் இதற்குப் பொருந்தும். அரசுக்கு ஏற்பட்ட இழப்பின் 3 மடங்கு வரை கட்ட நேரிடலாம். தொழிலின் மதிப்பை உயர்த்தும் அதே பதிவு, பொய்யானால் தொழிலையே கவிழ்த்துவிடும்.

3 மணி நேரப் போராட்டம்

பதிவின் அருமையை ஒரு விதி நன்கு காட்டுகிறது. அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவருக்குப் பொதுவாக நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் தீவிரச் சிகிச்சை வேண்டும். உடலியக்கம், அன்றாடச் செயல்கள், பேச்சு, செயற்கை உறுப்பு ஆகியவற்றுக்கான சிகிச்சைகளே அந்தக் கணக்கில் சேரும் என 2010இல் நடைமுறைக்கு வந்த விதி வரையறுத்தது. பொழுதுபோக்குச் சிகிச்சை தரப்படலாம். ஆனால் அந்த 3 மணி நேரத்தில் சேராது.

இதை மாற்றக் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்திற்கும் சென்றது. அத்தகைய கோரிக்கைக்கு உருக்கமான பேச்சு மட்டும் போதாது. எத்தனை நோயாளிகள் இந்தச் சிகிச்சையால் விரைவில் வீடு திரும்பினர், எத்தனை பேர் மீண்டும் வெளியே நடமாடினர் என்ற சான்று வேண்டும். அந்தச் சான்று ஒரே நாளில் பிறப்பதில்லை. ஒவ்வொரு மாலையும் களைப்போடு அமர்ந்து ஒரு சிகிச்சையாளர் எழுதும் நான்கு வரிகளில்தான் அது சேர்கிறது.

நமக்கான பாடம்

தாதிமை, சமூகப் பணி, சிறப்புக் கல்வி, முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளை நாடும் மாணவர்களே, மனிதர்களோடு பழகும் வேலை என்பதால் எழுத்து வேலை குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். தொண்டூழியம் செய்யும்போதே பழகத் தொடங்கலாம். இன்று யாரைச் சந்தித்தீர்கள், எதை இலக்காக வைத்தீர்கள், எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள், அவரிடம் என்ன மாற்றம் கண்டீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதத் தோன்றினால், எது நன்றாக இருந்தது, எவ்வளவு என்று உங்களையே கேளுங்கள்.

அன்போடு செய்த வேலை அந்த நோயாளிக்குத் தெரியும். அடுத்து வரப்போகும் நோயாளிக்கும் அதே சிகிச்சை கிடைக்க வேண்டுமானால், அது தாளிலும் தெரிய வேண்டும்.