சேலையிலிருந்து மேடைக்கு: மாணவர்கள் உருவாக்கும் ஆடைத் தொகுப்பு

பள்ளி ஆண்டுவிழாவில் ஆடை அணிவகுப்பு என்றால், வாடகைக் கடையில் உடை எடுத்துவந்து பிள்ளைகளை நடக்கவிடுவதே வழக்கம். இதில் மாணவர் கற்பது குறைவு. வாடகை கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு மேடையும் கிடைப்பதில்லை. மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் ஆடை வடிவமைப்பு கற்பிக்கும் நான், மாணவர்களே வடிவமைத்துத் தைத்த உடைகளை மேடையேற்றி வருகிறேன். அதன் படிநிலைகளை இங்கே பகிர்கிறேன்.

கருவைத் தேர்ந்தெடுத்தல்

பத்து அழகான உடைகளைச் சேர்த்து வைத்தால் அது தொகுப்பு ஆகாது. நிறம், துணி, வடிவம் ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று உறவுள்ள உடைகளே தொகுப்பு. நாங்கள் எடுத்துக்கொண்ட கரு மதுரைச் சுங்குடி. துணியில் சிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் நனைத்தால், முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்ததும் புள்ளிகள் தெரியும். இச்சேலை 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய சேலைகளைப் பொதுவாகத் திரட்டினோம். யார் எதைக் கொடுத்தார் என்று எழுதி வைக்கவில்லை.

அளவெடுத்தல்

இந்தப் பருவத்தில் உடலளவு கேலிப்பொருளாவது எளிது. ஆகவே மாணவிகளை மாணவிகளே அளவெடுப்பார்கள். எண்களை உரக்கச் சொல்லாமல் அட்டையில் குறிப்பார்கள். நடப்பவர் முதலில், உடை பிறகு என்பது எங்கள் விதி. உடைக்கேற்ற உடலைத் தேடுவதில்லை.

வெட்டுதல்

இங்கே கணக்குப் பாடம் கைகொடுக்கிறது. தளர்வு சேர்த்து இடுப்பளவு 66 செ.மீ., பாவாடை நீளம் 60 செ.மீ. என்று கொள்வோம். முழுவட்டப் பாவாடைக்கு உள் ஆரம் 66 ÷ (2 × 22/7) = 10.5 செ.மீ.; வெளி ஆரம் 70.5 செ.மீ. அப்படியானால் துணியின் அகலம் 141 செ.மீ. வேண்டும். எங்கள் சேலைகளின் அகலமோ ஏறத்தாழ 115 செ.மீ. அரைவட்டமாக வெட்டினால் உள் ஆரம் 21, வெளி ஆரம் 81 செ.மீ.; 162 செ.மீ. நீளத் துணி போதும். ஐந்தரை மீட்டர் சேலையில் தையலுக்கு இடம்விட்டு மூன்று பாவாடைகள் கிடைக்கும். வட்டத்தின் சுற்றளவு எதற்குப் பயன்படும் என்று அதன்பின் எவரும் கேட்பதில்லை. வெட்டும் முன் பழைய செய்தித்தாளில் மாதிரி வெட்டிப் பார்ப்பது துணியைக் காக்கும்.

மேடை

நடக்கக் கூச்சப்படுபவரை வற்புறுத்த வேண்டாம். அறிவிப்பு, இசை, கடைசிநேரத் தையல் என வேலைகள் பல உண்டு. ஒவ்வோர் உடைக்கும் அதைத் தைத்தவர் மூன்று வாக்கியங்கள் பேசட்டும்: என்ன துணி, எப்படி வெட்டினேன், ஏன் இந்த வடிவம். தொழிற்கல்விப் பிரிவை இரண்டாந்தரமாக நினைக்கும் பெற்றோர் கூர்ந்து கேட்பது இந்த இடத்தில்தான்.

தொடக்க வகுப்புகளில்

பழைய வெள்ளை வேட்டித் துண்டில் கொண்டைக்கடலையை வைத்து நூலால் இறுகக் கட்டி, மஞ்சள் நீரில் ஊறவைத்து அவிழ்க்கச் சொல்லலாம். வெண்டைக்காயைக் குறுக்காக வெட்டி அச்சு வைக்கலாம். சமச்சீரும் வண்ணக் கலவையும் கைவழியே பிடிபடும்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். ஜூன் மாதத்தில் கருவைத் தேர்ந்தெடுத்தால், அன்றைய காலை வணக்கக் கூட்டத்திலேயே ஓர் எளிய அணிவகுப்பை நடத்திவிடலாம். தொடங்க, ஒரு பழைய சேலையும் ஒரு அளவுநாடாவும் போதும்.