பற்றாசும் பலகையும்: மின்சுற்றுப் பலகை உற்பத்தியில் தரமும் விரைவும் குறைப்பெயர்களும்

முன்னுரை

கண்ணாடி இழைத் துணியில் எப்பாக்சிப் பிசினை ஊட்டி இறுக்கிய தகட்டின்மீது செப்புத் தடங்கள் அமைக்கப்பெற்றதே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. ஆஸ்திரியாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய பால் ஐஸ்லர் 1930களில் வானொலிப் பெட்டி ஒன்றிற்காக இதன் முன்வடிவை உருவாக்கினார். இன்று கைப்பேசி முதல் மருத்துவமனையின் மூச்சுக்கருவி வரை இப்பலகை இல்லாத மின்னணுக் கருவி அரிது. பலகையின்மீது உறுப்புகளைப் பொருத்தும் தொழிலில் தரமும் விரைவும் எவ்வாறு உயர்த்தப்படுகின்றன என்பதையும், அம்முயற்சியில் குறைகளைக் குறிக்கும் சொற்கள் வகிக்கும் பங்கையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பற்றாசு: பழஞ்சொல்லும் புதுத்தொழிலும்

உறுப்பின் முனையையும் பலகையின் செப்புத் திட்டையும் இணைக்கும் உலோகக் கலவைக்குத் தொழிற்கூடங்களில் வழங்கும் சொல் 'சால்டர்' என்பதே. இதற்குத் தமிழில் பற்றாசு என்னும் பழஞ்சொல் உண்டு. பொற்கொல்லர் இரு பொன் துண்டுகளைப் பற்றவைக்க இடையில் இடும் பொடி அது. ஓராசிடை, ஈராசிடை நேரிசை வெண்பாக்களில் முதற்குறளையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையே வரும் அசைகள் 'ஆசு' எனப் பெயர் பெற்றதும் இவ்வொப்புமையாலேயே. யாப்பு மாணவர் அறிந்த இச்சொல்லை மின்னணுவியல் மாணவர் அறியாதிருப்பது வியப்பிற்குரியது.

ஒப்புமை சொல்லளவில் நிற்பதன்று. பற்றாசு பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுகிறது. பொன் உருகாதிருக்க, பற்றாசு மட்டும் ஓடிப் பரவி இரு முகங்களையும் நனைத்து இறுகுகிறது. பலகையிலும் நிகழ்வது இதுவே. பொற்கொல்லர் வெங்காரம் இட்டு உலோக முகத்தின் களிம்பை அகற்றுவதுபோல, இங்கு இளக்கி என்னும் வேதிப்பொருள் செப்பின்மேற் படிந்த ஆக்சைடை நீக்குகிறது. நீண்ட காலம் வழக்கிலிருந்த கலவை 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்டது; அது 183 பாகை செல்சியசில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் காரீயப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியபின், வெள்ளீயத்தோடு 3 விழுக்காடு வெள்ளியும் 0.5 விழுக்காடு செம்பும் சேர்ந்த கலவை பெருவழக்காயிற்று. இதன் உருகுநிலை 217 முதல் 220 பாகை வரை. உருகுநிலை உயர்ந்ததே தவிர, உறுப்புகள் தாங்கும் வெப்பம் அதே அளவிற்கு உயரவில்லை. ஆகவே உலையை இயக்குவோர்க்குரிய இடைவெளி குறுகியது.

தரத்தின் கணக்கு

ஒரு பலகையில் 1000 இணைப்புகள் உள்ளன எனக் கொள்வோம். ஆயிரத்தில் ஓர் இணைப்பு பழுதுபடலாம் என்னும் நிலையில் பழுதின்றி வெளிவரும் பலகைகள் ஏறத்தாழ 37 விழுக்காடே. பத்தாயிரத்தில் ஒன்று எனில் 90 விழுக்காடு. இலட்சத்தில் ஒன்று எனும்போதுதான் 99 விழுக்காட்டை எட்ட முடிகிறது. தனித்தனி இணைப்பை நோக்கின் 99.9 விழுக்காட்டுத் தேர்ச்சி சிறப்பாகவே தோன்றும். பலகையை நோக்கின் அது தோல்வி. பிற தொழில்களுக்குப் போதுமான கவனம் இத்தொழிலுக்குப் போதாமைக்கு இப்பெருக்கலே காரணம்.

பெரும்பாலான பழுதுகளின் வேர் முதற்படியான பசை அச்சிடலில் உள்ளது என்பது இத்துறையினரின் பொதுக் கருத்து. பற்றாசுத் துகளும் இளக்கியும் கலந்த பசை, ஏறத்தாழ 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகு ஸ்டென்சிலின் துளைகள் வழியே பலகையின் திட்டுகளில் பதிக்கப்படுகிறது. துளையின் திறப்புப் பரப்பை அதன் உட்சுவர்ப் பரப்பால் வகுத்துவரும் எண் 0.66க்குக் குறையலாகாது என்பது நடைமுறை விதி. 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துளை 0.12 மில்லிமீட்டர் தகட்டில் அமைந்தால் அவ்வெண் 0.625; பசை பலகையில் இறங்காது சுவரிலேயே ஒட்டி நிற்கும். தகட்டின் தடிப்பை 0.1 ஆக்கினால் அதே துளையில் எண் 0.75 ஆகிறது. மயிரிழையிலும் மெல்லிய இம்மாற்றம் பல மணிநேரப் பழுதுநீக்கத்தைத் தவிர்க்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பசைக்குப்பியை அறை வெப்பநிலைக்கு வரும்முன் திறந்தால் ஈரம் படிந்து, உலையில் பற்றாசு தெறிக்கும் என்பதும் அனுபவம் கற்பித்த பாடமே.

சோதனையை எங்கு வைப்பது என்பதும் இதனோடு இயைந்தது. அச்சிட்டவுடன் கண்டறிந்த பிழையைப் பசையைக் கழுவி மீண்டும் அச்சிட்டுத் தீர்த்துவிடலாம். உலையைக் கடந்தபின் கண்டறிந்தால் சூட்டுக்கோல் கொண்டு திருத்த வேண்டும். ஒவ்வொரு சூடும் திட்டின் பிடிப்பைத் தளர்த்தும். இறுதிச் சோதனையை மட்டுமே நம்பும் தொழிற்சாலை தரத்தையும் விரைவையும் ஒருசேர இழக்கிறது.

குறைகளின் பெயர்கள்

அரிசிமணியிலும் சிறிய மின்தடை ஒன்றின் இரு முனைகளில் ஒரு முனையின் பசை முந்தி உருகினால், உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை உறுப்பைச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். ஆங்கில வழக்கு இதனைக் கல்லறைக் கல்லாகக் கண்டது. தமிழில் 'நடுகல்' எனலாம். வீரனுக்கு உரிய பெயரைப் பழுதுக்குச் சூட்டுவது சிலர்க்கு உறுத்தினும், காட்சி பிழையின்றிப் பதிகிறது. ஆயின் இப்பெயர் வடிவத்தைச் சொல்கிறதே அன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. இரு திட்டுகளின் அளவு வேறுபாடு, வெப்பம் சீராகப் பரவாமை, உறுப்பு விலகி அமர்தல் ஆகிய மூன்றும் இதே காட்சியைத் தரவல்லன.

இதனினும் இடர் மிக்கது பழுதுபார்ப்போர் வழக்கிலுள்ள 'ட்ரை சால்டர்' என்னும் சொல். போதிய வெப்பமின்றிப் பசை முழுதும் உருகாத இணைப்பும், ஆக்சைடு படிந்த திட்டினைப் பற்றாசு நனைக்காமல் விட்ட இணைப்பும், நன்கு அமைந்து பின்னர் அதிர்வாலோ வெப்ப ஏற்றத்தாழ்வாலோ விரிசல் கண்ட இணைப்பும் இவ்வொரு பெயரால் சுட்டப்படுகின்றன. முதலாவதற்குத் தீர்வு உலையின் வெப்ப அமைப்பில் உள்ளது; இரண்டாவதற்குக் கிடங்கில்; மூன்றாவதற்கு வடிவமைப்பிலோ பலகையைக் கையாளும் முறையிலோ உள்ளது. குறைப்பதிவேட்டில் மூன்றும் ஒரே கட்டத்தில் எழுதப்பெற்றால், எண்ணிக்கை மிகுந்த அக்குறையைத் தீர்க்க உலையின் வெப்பத்தை ஏற்றுவர். நனையாமை நீங்காது, தாங்க இயலாத உறுப்புகள் கெடும். இவ்விணைப்புகளுட் சில தொழிற்சாலைச் சோதனையில் மின்சாரத்தைக் கடத்தித் தேறிவிடுகின்றன; மாதங்கள் கழித்து, பயனரின் கையில், வண்டியின் தடைக்கட்டுப்பாட்டிலோ நோயாளியின் படுக்கையருகிலோ விட்டுப்போகின்றன.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. காரீயக் கலவையில் நல்லிணைப்பு பளபளக்கும். மங்கிய தோற்றம் பழுதின் அடையாளம். காரீயமற்ற கலவையில் நல்லிணைப்பே இயல்பாக மங்கித் தோன்றும். 'மங்கல்' என்பதைக் குறைப்பெயராகக் கற்றவர் நல்ல பலகைகளை விலக்கித் தேவையற்ற சூட்டுக்கு உட்படுத்துவர். ஐபிசி அமைப்பின் ஏற்புத்தரநூல் இணைப்பின் நனைவையே முதன்மை அளவையாகக் கொள்கிறது. கருவியின் பயன்பாட்டுக்கேற்பப் பலகைகளை மூன்று வகுப்புகளாகவும் பிரிக்கிறது.

விரைவும் பிழைக்காப்பும்

உறுப்பு பொருத்தும் எந்திரத்தின் வேகத்தை உயர்த்துவதால் மட்டும் விரைவு கூடுவதில்லை. பலகை வகை மாறும்போதெல்லாம் எந்திரம் நிற்கிறது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ, எந்திரம் நின்றிருக்கையில் மட்டுமே செய்யத்தக்க ஆயத்தத்தையும், அது ஓடும்போதே செய்யத்தக்க ஆயத்தத்தையும் பிரித்து, முன்னதைப் பின்னதாக மாற்ற வழிகாட்டினார். அடுத்த பலகைக்குரிய உறுப்புச் சுருள்களை முன்கூட்டியே வண்டியில் ஏற்றி, பட்டைக்குறியீட்டால் சரிபார்த்து வைப்பது இதன் நடைமுறை வடிவம். தவறான சுருள் பூட்டப்பெற்றால் எந்திரம் இயங்க மறுக்கும் ஏற்பாடும் அவர் பரப்பிய பிழைக்காப்பு முறையைச் சார்ந்தது. அம்முறை முதலில் 'முட்டாள்காப்பு' எனப் பொருள்படும் சொல்லால் வழங்கியது. அது தொழிலாளரைப் புண்படுத்துவதை உணர்ந்து 1960களில் 'பிழைக்காப்பு' எனப் பொருள்படும் 'போக்கா யோக்கே' என்று மாற்றினார். பழியைத் தொழிலாளரிடமிருந்து செயல்முறைக்கு நகர்த்திய பெயர்மாற்றம் அது.

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் 2006ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது முதல், இத்தொழில் தமிழ் பேசும் இளம்பெண்கள் பலரின் அன்றாடப் பணியாயிற்று. அவர்தம் பேச்சில் 'ட்ரை சால்டர்' நிலைத்துவிட்ட சொல். அதனை விலக்க முயல்வது வீண். அதனைப் பொதுப்பெயராக இருத்தி, அதன்கீழ் 'உருகாமை', 'நனையாமை', 'விரிசல்' என மூன்று சிறப்புப்பெயர்களைப் பதிவேட்டில் தனித்தனிக் கட்டங்களாக அமைக்கலாம். 'நடுகல்' போன்ற வடிவப்பெயர்களுக்கு அருகே காரணத்திற்கென வேறொரு கட்டம் வேண்டும். இம்மூன்று சொற்களும் அகராதி புரட்டாமலே விளங்குவன. உலையின் வாயிலில் நிற்பவர் உருப்பெருக்கியின்வழி நோக்கியவுடன் எழுதத்தக்கன.