கிருமியைக் கொல்லும் கிருமி



புண் சீழ் பிடித்தால் டாக்டர் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தருவார். சில நாளில் ஆறிவிடும். ஆனால் அந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமிகள் இன்று பெருகி வருகின்றன. அப்படி ஒன்றிடம் மாட்டிக்கொண்ட ஒரு கணவன் மனைவியைப் பற்றிக் கேளுங்கள்.

டாம் பாட்டர்சன், ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ இருவரும் அமெரிக்காவில் சான் டியாகோ நகரப் பேராசிரியர்கள். 2015 நவம்பரில் எகிப்து நாட்டுக்குச் சுற்றுலா போன இடத்தில் கணவருக்குக் கடும் வயிற்றுவலி. கணையம் வீங்கி, பக்கத்தில் கட்டி. அதற்குள் அசினடோபாக்டர் என்ற பாக்டீரியா. சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தும் எந்த மருந்தும் கேட்கவில்லை; நினைவும் தப்பியது. வாழ விருப்பமிருந்தால் என் கையை அழுத்துங்கள் என்று மனைவி கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் அழுத்தினார்.

அந்த அம்மாள் விடவில்லை. மருத்துவ ஏடுகளைத் தேடிப் படித்ததில் 'ஃபேஜ்' என்ற பழைய வைத்தியம் கண்ணில் பட்டது.

வைரஸ் என்றாலே நமக்குப் பயம்தான். ஆனால் ஃபேஜ் என்னும் வைரஸ் மனிதனின் திசுக்களைத் தாக்காது; அதற்குப் பாக்டீரியாதான் இரை. பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் வித்தை உள்ளே செலுத்தும். அங்கே பலவாகப் பெருகி, அதை வெடிக்கச் செய்து வெளியே வந்து, அடுத்ததைப் பிடிக்கும். 1917-லேயே பாரிசில் டெரெல் என்பவர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆன்டிபயாடிக் வந்ததும் பல நாடுகள் மறந்துவிட்டன. ஜார்ஜியா போன்ற சில நாடுகள் விடாமல் வைத்திருந்தன.

ஒரு ஃபேஜ் எல்லா பாக்டீரியாவையும் தாக்காது. பூட்டுக்கேற்ற சாவி வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றும் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் பொருத்தமானதைத் தேடின. எங்கே கிடைத்தது தெரியுமா? சாக்கடையிலும் கழிவிலும்! அதை நன்றாகச் சுத்திகரித்து, அரசின் அவசர அனுமதி வாங்கி, 2016 மார்ச்சில் குழாய் வழியே வயிற்றுக்குள்ளும் பிறகு இரத்தத்திலும் ஏற்றினார்கள். சில நாளில் கண் விழித்தார். நடுவில் பாக்டீரியா ஃபேஜுக்கும் பழகிக்கொள்ள, வேறு ஃபேஜ் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

"நம்ம ஊர்லே இது கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மருந்தல்ல இது. நோயாளிக்கு நோயாளி தேடிப் பொருத்த வேண்டியது. அதற்காக ஆற்றுத் தண்ணீரையோ வாய்க்கால் தண்ணீரையோ புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். நோய்க்கிருமியும் அதில் சேர்ந்தே இருக்கும்.

சாதாரண சளி, ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது. தேவையில்லாமல் விழுங்கினால் உடம்பிலுள்ள பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகும். ஆகவே கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். பெரியவனுக்கு வாங்கியதில் மிச்சமிருக்கிறதே என்று சின்னவனுக்குக் கொடுக்காதீர்கள்.